ஒரே மாதிரி இரண்டு கேர் பிளான்: பூஜ்யம் போடலாமா?

கேள்வி:
பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவர் சர்ஜிக்கல் வார்டு கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நோயாளிகள் வேறு வேறு. பல பக்கங்கள் வரிக்கு வரி ஒன்று. மென்பொருள் 46% ஒற்றுமை காட்டுகிறது. இருவருக்கும் பூஜ்யம் போடச் சொல்கிறார்கள் சீனியர் ஆசிரியர்கள். அது நியாயமா?

பதில் 1:
மேடம், அந்த 46-ஐ மட்டும் நம்பாதீர்கள். நர்சிங் டயக்னோசிஸ் என்பது நாண்டா என்ற சர்வதேச நர்சிங் அமைப்பு வகுத்த வாசகம், யார் எழுதினாலும் ஒன்றாகத்தான் வரும். படிவத் தலைப்பு, மருந்தின் பக்கவிளைவு எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். அசெஸ்மென்ட் (நோயாளியின் நிலை), எவால்யுவேஷன் (பராமரிப்பின் பலன்) பகுதிகளை மட்டும் எடுத்து கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். காத்தீட்டரே (சிறுநீர்க் குழாய்) போடாத நோயாளிக்கு 'காத்தீட்டர் கேர் கொடுக்கப்பட்டது' என்று இருந்தால் அது வெறும் காப்பி அல்ல, செய்யாத பராமரிப்பைச் செய்ததாகப் பதிவு. பார்க்காத பி.பி.யை 120/80 என்று எழுதுவதும் இதே ரகம். அடுத்த ஷிஃப்ட் அதை நம்பித்தான் மருந்து கொடுக்கும். இதைத் தனிக் குற்றமாகவே எடுத்து, துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். வார்டு சார்ட்டிலும் ஏறியிருந்தால் முதலில் வார்டு இன்சார்ஜுக்குச் சொல்லி, நோயாளியை மறுபடி பார்க்கச் செய்யுங்கள்.

பதில் 2:
இருவரையும் தனித்தனியாக, வார்டுக்கு வெளியே, இன்னொரு ஆசிரியர் முன்னிலையில் விசாரியுங்கள். "ஏன் காப்பி அடித்தாய்?" என்று ஆரம்பித்தால் அழுகைதான் மிஞ்சும். "வலி ஸ்கோர் எத்தனை மணிக்குப் பார்த்தீங்க? ஊசி போட்ட பிறகு எவ்வளவு இருந்தது?" என்று கேளுங்கள். நோயாளியைப் பார்த்தவர் யார், பார்க்காதவர் யார் என்று இரண்டு மூன்று கேள்வியிலேயே தெரிந்துவிடும். மாதிரிக்கு நோட்டைக் கொடுத்தவளுக்கும் அப்படியே எழுதினவளுக்கும் ஒரே பூஜ்யம் என்பது அநியாயம். அவரவர் விளக்கத்தைக் கைப்பட எழுதி, தேதி போட்டு வாங்குங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர் வரவே கூடாது.

பதில் 3:
காப்பியடிப்பைத் தடுக்கும் யு.ஜி.சி. 2018 விதிமுறையை யாராவது காட்டுவார்கள்: ஒற்றுமை 10% வரை இருந்தால் தண்டனை இல்லை, 40% வரை ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கலாம், 60% வரை ஓராண்டுத் தடை, அதற்கு மேல் பதிவு ரத்து. அந்தத் தண்டனைகள் தீசிஸ், டிசர்டேஷன் போன்ற ஆய்வேடுகளுக்கானவை. வார்டு கேர் பிளானுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. உங்கள் கல்லூரி விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். காப்பி மட்டும்தான் என்றால் புது நோயாளியைக் கொடுத்து, படுக்கையருகே வைவா (வாய்மொழித் தேர்வு) வைத்து, குறைத்த மதிப்பெண்ணுக்கு மறுபடி எழுதச் சொல்லலாம். நைட் டியூட்டி முடிந்த காலையே கேர் பிளான் கேட்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அந்த நேரத்தில்தான் பக்கத்து நோட்டு கைமாறும்.