18 அடி பைபர் படகு: தளம் அமுங்குது, ஸ்ட்ரிங்கரும் போயிருக்கு

உப்புக்காற்று:
18 அடி பைபர் படகு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு. ஸ்டியரிங் மேடைக்கு முன்னாடி கால் வச்சா தளம் அமுங்குது. ஒரு முழம் வெட்டிப் பார்த்தா பிளைவுட் ஏடு ஏடா உரியுது. கீழே தளத்தைத் தாங்குற நீளவாக்கு மரச் சட்டம், அதான் ஸ்ட்ரிங்கர், இரண்டிலும் 5 மிமீ துளை போட்டேன். அணியத்துப் பக்கம் வெள்ளையா காய்ஞ்ச தூள் வந்தது. பின்பக்கம் காபி டிக்காஷன் மாதிரி வழிஞ்சது. மிதவை ஃபோமைப் பிழிஞ்சா தண்ணி. கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டா போதுமா? ரெசின் பாலியஸ்டரா, எபாக்சியா? எவ்வளவு சரக்கு வேணும்? தளம் 3.5 x 1.6 மீட்டர். ஸ்ட்ரிங்கர் 3.6 மீட்டர் நீளம், 150 மிமீ உயரம், 36 மிமீ தடிமன்.

ரெசின்வாளி:
ஒட்டு வேண்டாம். தண்ணி மரத்தோட நரம்பு வழியாவே ஊர்ந்து போகும்; இன்னைக்கு வெள்ளைத் தூள் வந்த இடம் அடுத்த வருஷம் கறுப்பாயிடும். சுத்தியல் பிடியால ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டிட்டே போங்க. 'டங்'னு கேட்டா நல்லது, 'டப்'னு செத்த சத்தம் கேட்டா உள்ளே ஒண்ணுமில்ல.

வெட்டுறதுக்கு முன்னாடி படகைச் சரியா உட்கார வைங்க. ஏராவுக்கு (படகின் அடி முதுகெலும்பு) கட்டை, இரண்டு பக்கமும் நாலு நாலு இடத்துல மணல் மூட்டை. தளமும் ஸ்ட்ரிங்கரும் எடுத்த படகு வெறும் முட்டை ஓடு. அது தொய்ஞ்ச நிலையிலேயே புது ஸ்ட்ரிங்கரை ஒட்டிட்டா அந்தக் குழி நிரந்தரம், அப்புறம் ஓட்டத்துல படகு சொன்ன பேச்சு கேட்காது. அதனால ஒரு ஸ்ட்ரிங்கரை எடுத்து மாத்தி முடிச்சிட்டு அடுத்ததைத் தொடுங்க. எடுக்கும் முன்னாடி விளிம்புக்கு விளிம்பு நூல் கட்டி, அங்கிருந்து ஸ்ட்ரிங்கர் மேல்முகம் எவ்வளவு ஆழம்னு அடிக்கு அடி குறிச்சு வைங்க. பழைய தளத்தை ஓரத்துல 2 அங்குலம் விட்டு வெட்டினா புதுசு உட்கார அதுவே படி.

புது மரம் படகு ஓட்டில் (வெளிச்சுவரில்) நேரா முட்டக் கூடாது. 5, 6 மிமீ இடைவெளி விட்டு ரெசின் புட்டியில் (பொடி கலந்து கெட்டியாக்கின ரெசின்) உட்கார வைங்க. முட்டினா அலை அடிக்கிற அடியெல்லாம் அந்த ஒரே கோட்டில் விழும். கொஞ்ச நாள்ல வெளியே ஜெல்கோட்டில் (படகின் பளபளப்பான மேல்பூச்சு) மயிரிழை மாதிரி விரிசல் ஸ்ட்ரிங்கர் நீளத்துக்கும் ஓடும். இரண்டு ஓரத்திலும் புட்டியை விரல் அளவு வளைவா இழுத்து விடுங்க. மேட் (கண்ணாடி இழை விரிப்பு) 90 டிகிரி மூலையில் மடங்காது, அடியில் காத்து நிக்கும். ஓட்டில் 100 மிமீ அகலத்துக்கு 36 நம்பர் டிஸ்க் போட்டு, பெயின்ட் போய் பைபர் தெரியிற வரைக்கும் தேய்ச்சிட்டுத்தான் மேட்.

சரக்கு: தளத்துக்கு 12 மிமீ மரைன் பிளை (ஐஎஸ் 710) 8x4 மூணு ஷீட். பரப்பளவுக்கு இரண்டு போதும்னு தோணும். குறுக்கே போடும்போது போதாது. ஸ்ட்ரிங்கருக்கு 18 மிமீ ஒரு ஷீட், இரண்டு பட்டையா ஒட்டி, இணைப்புகள் 600 மிமீ தள்ளித் தள்ளி வரணும். தளத்துக்கு அடியில் ஒண்ணு, மேலே இரண்டு 450 கிராம் (சதுர மீட்டருக்கு) மேட். ஸ்ட்ரிங்கருக்கு மூணு மேட், நடுவே 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) இரண்டு. சேதாரத்தோட மேட் 15 கிலோ, ரோவிங் 5 கிலோ. மேட்டுக்கு எடையில் இரண்டரை பங்கு, ரோவிங்குக்குச் சம எடை ரெசின். புட்டியும் சேர்த்து ஐசோ ரெசின் (தண்ணி தாங்குற பாலியஸ்டர் வகை) 50 கிலோ வாங்குங்க.

ரெசின் கிலோவுக்கு கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கிற திரவம்) 10 முதல் 15 மில்லி. வெயில்னு 10-க்குக் கீழே இறக்காதீங்க, முழுசா இறுகாது. காலையில் 7 மணிக்கே ஆரம்பிச்சு ஒரு கிலோ ஒரு கிலோவா கலக்குங்க. ரெசினில் ஆக்சிலரேட்டர் (இறுகுறதை வேகப்படுத்துற திரவம்) கலந்துதான் வருதான்னு கடையில் கேளுங்க. தனியா வந்தா முதல்ல அதை ரெசினில் நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா வெடிக்கும்.

அணியம்:
ரெசின்வாளி அண்ணே, மரத்துமேல பாலியஸ்டர் பிடிமானம் அவ்வளவு நம்பக்கூடியதில்லை. இறுகும்போது சுருங்கும், பிறகு உரியும். முதல் பூச்சு கொஞ்சம் ஸ்டைரீன் (பாலியஸ்டரை இளக்குற திரவம்) விட்டுத் தண்ணியா அடிச்சு மரத்துக்குள் இறங்க விட்டாத்தான் பாலியஸ்டர் நிக்கும். காசு இருந்தா எபாக்சி. ஆனா எபாக்சிக்கு சாதா மேட் வாங்காதீங்க. அதோட பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் மேட் விறைப்பாவே நிக்கும். தைத்த பையாக்சியல் துணிதான் (இரண்டு திசையில் இழை ஓடுற கண்ணாடித் துணி) சரி. எபாக்சி மேலே பாலியஸ்டரோ ஜெல்கோட்டோ போடலாம்னு நினைக்காதீங்க, பிடிக்காது. பெயின்ட்தான்.

துருப்புச்சீட்டு:
ஸ்ட்ரிங்கர் அழுகினது பெரும்பாலும் வடிகால் துளையால. துளை போட்டு, ரெசின் பூசாம அப்படியே வெறும் மரமா விட்டிருப்பாங்க. பிவிசி குழாய் சொருகி ரெசின் பூசுறது பார்க்க நல்லா இருக்கும். பாலியஸ்டர் பிவிசியில் சரியா ஒட்டாது, குழாயைச் சுத்தித் தண்ணி இறங்கும். 40 மிமீ துளை வேணும்னா 55-க்குப் போட்டு, புட்டி அடைச்சு, இறுகினதும் அதன் நடுவில் 40 போடுங்க. சீட், ஸ்டியரிங் மேடை ஸ்க்ரூ ஒவ்வொண்ணுக்கும் இதே கதை. புது ஃபோம் ஊத்தினாலும் படகு ஓட்டோட உள்பக்கத்தை ஒட்டி, ஏரா பக்கமா தண்ணி ஓடப் பாதை விடுங்க.

அப்புறம், ட்ரான்சம் (அவுட்போர்டு மாட்டுற பின்பலகை) பார்த்தீங்களா? அவுட்போர்டு அடிப்பாகத்தைப் பிடிச்சுத் தூக்கி விடுங்க, ட்ரான்சம் மேல்விளிம்பையே பாருங்க. அசைஞ்சா தளம் மூடுறதுக்கு முன்னாடி அந்த வேலை.

உப்புக்காற்று:
தூக்கிப் பார்த்தேன். மேல்விளிம்பு அரை அங்குலம் ஆடுது, போல்ட் ஓரத்துல பழுப்புத் தண்ணி. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பிளை கூட ஒரு ஷீட் சேர்த்துச் சொல்லிட்டேன்.