34 வாரம், குழந்தை எடை குறைவு: எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி:
34 வார ஸ்கேனில் எடை 1900 கிராம், 10-ஆம் சென்டைலுக்குக் கீழே (அதே வாரத்துக் குழந்தைகள் நூறில் எடை மிகக் குறைந்த பத்துக்குள்). தொப்புள்கொடி டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) நார்மல், பனிக்குட நீரும் போதுமானது. பத்து நாளில் மறுபடி எடை பார்க்கலாமா? புரோட்டீன் பவுடரும் முழு ஓய்வும் எடையை ஏற்றுமா? பிரசவம் எந்த வாரம்?

பதில் 1:
இரண்டு வாரத்துக்கு முன் எடை பார்த்துப் பயனில்லை. ஸ்கேன் எடையில் 10–15 சதவீதம் முன்பின் இருக்கும். 1900 கிராமில் அதுவே 190 முதல் 285 கிராம்; வளர்ச்சியா, அளவுப் பிழையா என்று பிரிக்க முடியாது. இடையில் பார்க்க வேண்டியது ரத்த ஓட்டம்: வாரம் ஒரு டாப்ளர், வாரம் ஒன்றிரண்டு என்எஸ்டி (குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு). 32 வாரத்துக்குப் பிறகு தொப்புள்கொடி டாப்ளர் சரியாக இருந்தும் குழந்தை தளர்வது உண்டு. அதனால் மூளை ரத்தக்குழாய் டாப்ளரையும் கேளுங்கள். அங்கே தடை குறைந்திருந்தால், குழந்தை கிடைக்கும் ஆக்சிஜனை மூளைக்குத் திருப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பவுடர் வேண்டாம். அடைப்பு பெரும்பாலும் நஞ்சுக்கொடியில். தாய் கூடுதலாகச் சாப்பிடுவது அதைத் தாண்டிப் போகாது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். நஞ்சுக்கொடிக் கோளாறைத் தடுக்கத் தரும் ஆஸ்பிரின் 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டியது, இப்போது தொடங்கிப் பலனில்லை. வீட்டில் யார் புகைத்தாலும் இன்றே நிறுத்தட்டும்.

பதில் 2:
பிரசவ வாரக் கணக்கு பொதுவாக இப்படி. எடை 3-க்கும் 10-ஆம் சென்டைலுக்கும் இடையில், டாப்ளர் நார்மல் என்றால் 38–39. 3-ஆம் சென்டைலுக்குக் கீழே என்றால் 37. இதயம் விரியும் நேரத்தில் தொப்புள்கொடியில் ஓட்டமே இல்லையென்றால் 33–34, பின்னோக்கி ஓடினால் 30–32. கடைசி இரண்டிலும் பெரும்பாலும் சிசேரியன்தான். டாப்ளர் நார்மல் என்றால் சுகப்பிரசவம் முயலலாம், ஆனால் வலி தொடங்கியதிலிருந்து இதயத் துடிப்பை இடைவிடாமல் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வலியிலும் ரத்தம் குறையும், இந்தக் குழந்தைக்குச் சேமிப்பு குறைவு.

கேட்டவர்:
குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசி?

பதில் 2:
34 வாரத்துக்கு முன் பிரசவம் என்றால் கட்டாயம்: பீட்டாமெத்தசோன் 12 மி.கி., 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. 38 வரை போகும் கர்ப்பத்துக்கு இப்போதே போட வேண்டாம்.

பதில் 3:
குழந்தையின் அசைவை விட்டுவிட்டீர்கள். வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 வரவில்லையென்றால் அப்போதே மருத்துவமனை, நள்ளிரவானாலும். இனிப்பு குடித்துவிட்டுக் காத்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. ரத்த அழுத்தம் 140/90 தொட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ அதே அவசரம். நஞ்சுக்கொடிக் கோளாறு தாயிடமும் இப்படித் தலைகாட்டும்.

பிறந்ததும் துடைத்து, தாயின் மார்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பால். கொழுப்பும் கிளைகோஜனும் குறைவு என்பதால் உடல் சீக்கிரம் குளிர்ந்து சர்க்கரை இறங்கும். முதல் நாள் முழுக்கச் சர்க்கரை பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.