அக்கவுண்டிங் கேடட்ஷிப்: 11 அப்ளிகேஷன், 9 ரிஜெக்ட், எங்க தப்பு பண்றேன்னு தெரியல

வெண்டி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். சிட்னில பிகாம் அக்கவுண்டிங் முதல் வருஷம், இப்ப ரெண்டாவது செமஸ்டர் ஓடிட்டு இருக்கு. சிட்டிசன்தான், விசா சிக்கல் எதுவும் இல்ல. கேடட்ஷிப்னு (ஃபர்ம்ல வேலை பாத்துக்கிட்டே டிகிரி படிக்கிறது) ஒண்ணு இருக்குன்னே இயர் 12ல எனக்கு யாரும் சொல்லல, போன செமஸ்டர் டுட்டோரியல்ல பக்கத்துல உக்கார்ற பொண்ணு பகல்ல ஆபீஸ் போயிட்டு சாயந்திரம் கிளாஸுக்கு வர்றான்னு தெரிஞ்சப்பதான் இப்படி ஒரு வழி இருக்குன்னே புரிஞ்சுது. உடனே உக்காந்து 11 இடத்துக்கு போட்டேன், 9 ரிஜெக்ட், மீதி ரெண்டுல சத்தமே இல்ல. ரிஜெக்ட் ஆனதுல ஒண்ணு ராத்திரி 11.40க்கு அனுப்புறேன், 11.46க்கு "மன்னிக்கவும்"னு மெயில் வருது, 6 நிமிஷத்துல எவன் படிச்சிருப்பான் சொல்லுங்க.

ஏட்டார் (யூனி அட்மிஷனுக்கு பாக்குற இயர் 12 ரேங்க்) 88, வாம் (யூனி சராசரி மார்க்) 71. ரெண்டு வருஷமா சூப்பர் மார்க்கெட் செக்கவுட்ல கேஷுவல் வேலை. கேடட்ஷிப் ஸ்கூல் முடிக்கிறவங்களுக்கு மட்டும்தானா, இல்ல என் மார்க் பத்தலையா? அம்மா வேற டிகிரி லேட்டாகுமான்னு தினம் கேக்குறாங்க.

பழைய_கேடட்:
தம்பி, 6 நிமிஷத்துல வந்த ரிஜெக்ட்ட உன் மார்க்க பாத்து மனுஷங்க யாரும் அனுப்பல, ஃபார்ம்ல ஏதோ ஒரு கேள்விக்கு நீ கொடுத்த பதில்ல சிஸ்டமே கழட்டி விட்டிருக்கு. ரெண்டு விஷயம் சொல்லு. டிகிரி முடிக்கிற தேதின்னு என்ன போட்ட? வாரத்துல எத்தன நாள் வருவேன்னு போட்ட?

வெண்டி_பையன்:
முடிக்கிற தேதி மூணாவது வருஷக் கடைசி, எல்லாரும் போடுறதுதானே அக்கா. நாள் செவ்வாய், வியாழன், அப்புறம் சனி ஞாயிறு. ஸ்டேட்டஸ் ஃபுல் டைம் ஸ்டூடன்ட்.

பழைய_கேடட்:
ஆங், கிடைச்சுடுச்சு. நீ பார்ட் டைம் வேலை தேடுற ஆள் மாதிரி எழுதியிருக்க. சிட்னில நிறைய ஃபர்ம்ல கேடட்னா அப்படியே தலைகீழ், வேலை ஃபுல் டைம், படிப்பு பார்ட் டைம். வாரத்துக்கு 38 மணி நேரம் ஆபீஸ், சாயந்திரம் 6 மணி கிளாஸ். சில இடத்துல முதல் வருஷம் மட்டும் 3 நாள்னு விடுவாங்க, விளம்பரத்த ஒழுங்கா படி. அவங்க உனக்கு ஆரம்பத்துல நஷ்டத்துக்குத்தான் சொல்லித் தர்றாங்க, ரெண்டாவது வருஷத்துலதான் உன்னால அவங்களுக்கு நாலு காசு. அதனால அவங்க பாக்குறது இந்தப் பையன் எத்தன வருஷம் நம்மகிட்ட இருப்பான்னுதான்.

இப்ப கணக்க பாரு. டிகிரிக்கு 24 சப்ஜெக்ட், இந்த வருஷக் கடைசில உனக்கு 8 முடிஞ்சிருக்கும், மிச்சம் 16. வேலைல இருந்துட்டு செமஸ்டருக்கு 2, சம்மர்ல 1ன்னு எடுத்தா வருஷத்துக்கு 5, ஆக இன்னும் மூணு வருஷத்துக்கு மேல. அந்தத் தேதியத்தான் ஃபார்ம்ல போடணும், அதுதான் உண்மையும் கூட. அம்மாகிட்ட ஒரு வருஷத்துக்கு மேல லேட்டாகும்னு இப்பவே சொல்லிடு, பின்னாடி சொன்னா அடி விழும். முதல் வருஷத்துலயே கேக்குறது நல்லதுதான், ரெண்டு வருஷம் முடிச்சுட்டு வந்திருந்தா "பாதி தீந்துபோச்சே"ன்னு அனுப்பியிருப்பாங்க.

கணக்குப்பிள்ளை:
தம்பி, நான் பரமட்டா பக்கம் ஒரு சின்ன அக்கவுண்டிங் ஃபேர்ம் நடத்துறன், வருசத்துக்கு ஒரு கேடட் எண்டாலும் எடுக்கிறனாங்கள். தங்கச்சி சொன்னது சரி, அதோட இன்னொண்டு. செக்கவுட் வேலையை எல்லாரும் "கஸ்டமர் சர்வீஸ்" எண்டு ஒரு வரியில எழுதி விடுவினம். நீர் ரெண்டு வருசமா காசுப்பெட்டி திறந்து மூடியிருக்கிறீர் எல்லோ, கடை பூட்டேக்க கணக்கு ஒத்து வராட்டி என்ன செய்தனீர், எங்க தேடினீர் எண்டு எழுதும். ரீகன்சிலியேஷன் எண்டுறது அதுதான், வேற ஒண்டும் இல்லை. எனக்கு அது வாம் 80ஐ விடப் பெரிசு.

ஸீரோ (Xero) எண்ட கணக்கு சாஃப்ட்வேரில டெமோ கம்பெனி ஒண்டு இருக்கு, காசில்லை, அதில பேங்க் வரிகளை மேட்ச் பண்ணிப் பழகும். ஒரு பெடியன் ரெஸ்யூமேயில "ஸீரோ அனுபவம்" எண்டு போட்டிருந்தவன், நான் அனுபவமே இல்லையெண்டு சொல்லுறான் போல எண்டு நினைச்சுப்போட்டன்.

பெரிய நாலு ஃபேர்மிலயும் (டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி) ஆன்லைன் டெஸ்ட், வீடியோ இன்டர்வியூ, அசெஸ்மென்ட் சென்டர் எண்டு இழுக்கும். சின்ன ஃபேர்மில விளம்பரமே வராது, நேரா ஈமெயில் போட வேணும், பார்ட்னரே படிப்பார். ஆனா ஜூலை, ஆகஸ்டில பதில் வராட்டி கோவிக்கக் கூடாது, ஜூன் 30ல நிதி வருசம் முடிஞ்ச பிறகு டாக்ஸ் ரிட்டேர்ன் மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கும்.

ராத்திரி_கிளாஸ்:
எல்லாரும் ரொம்ப இனிப்பா பேசுறீங்க, நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன். ஒன்றரை வருஷம் கேடட்டா இருந்துட்டு விட்டுட்டேன். அக்டோபர் 28 பிஏஎஸ் (பிசினஸ்காரங்க டாக்ஸ் ஆபீஸுக்கு குடுக்குற காலாண்டுக் கணக்கு) கடைசி நாள், அதே வாரம் ஆடிட்டிங் அசைன்மென்ட், நவம்பர்ல ஃபைனல்ஸ், 9 மணிக்கு கிளாஸ் முடிஞ்சு ட்ரெயின்ல தூங்கி ரெண்டு ஸ்டேஷன் தாண்டிப் போயிருக்கேன். வாம் 74ல இருந்து 61. ஸ்டடி லீவ் உண்டுன்னு இன்டர்வியூல சொன்னாங்க, காகிதத்துல இல்ல, கேட்டப்ப "இப்ப பிஸி"ன்னு முடிச்சுட்டாங்க. அதனால கான்ட்ராக்ட்ல எழுதி வாங்கு.

அதவிட முக்கியம் டைம்டேபிள். உன் யூனில எந்தெந்த சப்ஜெக்ட் சாயந்திரம் நடக்குதுன்னு இப்பவே பாரு. எனக்கு கார்ப்பரேட் அக்கவுண்டிங் ஒரு செமஸ்டர் பகல்ல மட்டும்தான், அது முடியாம ஆடிட்டிங் எடுக்க முடியாது, அங்கயே ஆறு மாசம் போச்சு. அப்புறம் படிப்பு பாதியா குறைஞ்சா ஃபுல் டைம் ஸ்டூடன்ட் கணக்கு போயிடும், யூத் அலவன்ஸ் (அரசாங்க உதவித்தொகை) வாங்குறவங்களுக்கு 75 சதவீத லோடு வேணும். நீ கேஷுவல் வேலையிலயே இருந்துட்டு கடைசிக்கு முந்தின வருஷம் வெக்கேஷன் புரோகிராம் (யூனி லீவ்ல சில வாரம் ஃபர்ம்ல வேலை பாக்குறது) போட்டாலும் கிராஜுவேட் வேலை கிடைக்கும்.

பழைய_கேடட்:
கான்ட்ராக்ட், டைம்டேபிள் ரெண்டும் நூத்துக்கு நூறு சரி. ஆனா வெக்கேஷன் புரோகிராமும் ஆயிரம் பேர் முட்டுற வாசல்தான். நான் டிகிரி வாங்குறப்ப கையில மூணு வருஷ வேலை இருந்துச்சு, நேரா சீனியர் அக்கவுண்டன்ட் நாற்காலி. சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) புரோகிராம் ஃபீஸ ஃபர்ம் கட்டுமான்னும் கேட்டு வை, கட்டிட்டு இத்தன வருஷம் போகக் கூடாதுன்னு கண்டிஷன் வப்பாங்க, அதையும் படி.

ஹாரிஸ்பார்க்_நண்பன்:
நடுவுல வர்றதுக்கு சாரி. நான் ஸ்டூடன்ட் விசால இருக்கேன், எனக்கு கேடட்ஷிப் வாய்ப்பு உண்டா?

பழைய_கேடட்:
மனசு உடையாத, இல்லப்பா. ஸ்டூடன்ட் விசா, அதாவது சப்கிளாஸ் 500ல செமஸ்டர் நடக்குறப்ப ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான், 2023 ஜூலை 1ல இருந்து அந்த ரூல். கேடட் வேலை ரெண்டு வாரத்துக்கு 76 மணி. படிப்பையும் உன்னால பார்ட் டைமா மாத்த முடியாது. சின்ன ஆபீஸ்ல புக்கீப்பிங் ரெண்டு நாள் பாரு, 48க்குள்ள அடங்கும், செமஸ்டர் லீவ்ல அதுக்கு மேலயும் செய்யலாம்.

வெண்டி_பையன்:
ஏழு வாரம் கழிச்சு அப்டேட். தேதிய மாத்தி, காசுப்பெட்டி கதைய எழுதி (50 டாலர் குறைஞ்சுது, நோட்டு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்தது) 8 சின்ன ஃபர்முக்கு நேரா ஈமெயில் போட்டேன். 3 பதில், 1 இன்டர்வியூ. அந்தப் பார்ட்னர் ஒண்ணுமே கேக்கல, பேங்க் ஸ்டேட்மென்ட் ஒரு பக்கம், லெட்ஜர் ஒரு பக்கம் அச்சடிச்சு வச்சு எது ஒத்து வரலன்னு கண்டுபிடின்னார். 540க்கு பதில் 450ன்னு ஒரு இடத்துல மாத்தி எழுதியிருந்தது, வித்தியாசம் 90, 9ஆல வகுபட்டதும் இலக்கம் புரண்டிருக்குன்னு டக்குனு தோணிடுச்சு.

ஜனவரில இருந்து 3 நாள், ஜூலைல இருந்து ஃபுல் டைம். ஒரு செமஸ்டருக்கு 4 நாள் ஸ்டடி லீவ், எழுத்துல வாங்கிட்டேன் ராத்திரி அண்ணா. அம்மாகிட்டயும் சொல்லியாச்சு, கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாங்க.

இப்ப அடுத்த சந்தேகம். முதல் செமஸ்டர் 3 நாள் வேலையோட 3 சப்ஜெக்ட் தாங்குமா, இல்ல பகல்ல மட்டும் வர்ற அந்த கார்ப்பரேட் அக்கவுண்டிங்க மட்டும் முடிச்சுடவா?

ராத்திரி_கிளாஸ்:
கார்ப்பரேட்ட விடாத, ஜூலைக்கு அப்புறம் பகல் கிளாஸ் உனக்கு கிடையாது. அதோட ஏதாவது லேசான எலெக்டிவ் ஒண்ணு. மூணாவது வேணாம்.

கணக்குப்பிள்ளை:
பிசியாப் போறதுக்கு முன்னம் ஒரு நல்ல கால்குலேட்டரும் வாங்கி வையும் தம்பி, ஃபோனில கணக்குப் பாக்கிறதைக் கண்டால் பழைய பார்ட்னர்மாருக்குப் பிடிக்காது.