கிரெனடாவில் அம்மாவுக்கு என்ன வாங்கலாம்? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் தங்கியிருக்கிறோம். நாளை மறுநாள் டொராண்டோ திரும்புகிறோம்.

இங்கே விற்கும் மசாலா மாலையை விட்டுவர மனசில்லை. ஜாதிக்காய், பட்டை, கிராம்பு, மஞ்சள் எல்லாம் நூலில் கோத்தது. கையில் எடுத்தாலே அப்படி ஒரு வாசம்! தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் வைத்திருக்கும் நாடு. 2004 ஐவன் புயலில் பெரும்பாலான மரங்கள் போய், மறுபடி நட்டு வளர்த்தவர்கள். அதனால் இந்த ஊர்க்காரர்களிடமே வாங்க ஆசை.

அம்மா ஓட்டோடு ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் கேட்டிருக்கிறார். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ் சந்தையில் விலை குறையுமா? மாலையைக் கனடா சுங்கத்தில் விடுவார்களா?

மகளுக்கு இளஞ்சிவப்பு வாய் கொண்ட பெரிய சங்கு ஒன்று வேண்டுமாம். கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆமை ஓட்டு நகை மட்டும் வேண்டவே வேண்டாம்.