தாத்தாவின் தானப் பத்திரத்தில் வரும் மூன்று ஆங்கிலச் சொற்கள்

கேள்வி:
வணக்கம். பெங்களூரில் இருக்கும் வீட்டை என் தாத்தா 1978-ல் அத்தைக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பத்திரம் முழுக்க ஆங்கிலம். போன வாரம் சித்தப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, ‘வித்தவுட் கன்சிடரேஷன்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். "அப்பா யோசிக்காமல் எழுதிட்டார்னு பத்திரமே சொல்லுதே, இது எப்படிச் செல்லும்?" என்கிறார். அத்தைக்கு 71 வயது. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் ஆங்கில வழியில் படித்தவள்தான். ஆனால் கன்சிடரேஷன் என்றால் யோசனை, கரிசனம் என்றுதான் எனக்கும் தெரியும். ‘எக்ஸிக்யூட்டட்’, ‘பை தீஸ் பிரசன்ட்ஸ்’ என்றும் வருகிறது. இவற்றுக்கெல்லாம் வேறு பொருள் உண்டா?

பதில் (ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா, கோவை):
அம்மணி, அந்தச் சொல்லை நினைத்து அத்தை கவலைப்பட வேண்டாம். சட்டத்தில் கன்சிடரேஷன் என்றால், ஒன்றைக் கொடுப்பதற்குப் பதிலாகக் கிடைப்பது. தமிழில் மறுபயன் என்போம். பழைய பத்திரங்களில் பிரதிபிரயோஜனம் என்றிருக்கும். வீட்டை விற்றால் கிரயத் தொகைதான் மறுபயன். தானத்தில் அப்படி எதுவும் கைமாறாது. 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 122-வது பிரிவே, தானம் என்பது மனமுவந்து, மறுபயன் இல்லாமல் கொடுப்பது என்றுதான் சொல்கிறது. சித்தப்பா எதைக் குறை என்கிறாரோ, அதுதான் அதைத் தானமாக்குகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. தாத்தா இருக்கும்போதே அத்தை தானத்தை ஏற்றுக்கொண்டாரா? குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? பத்திரம் பதிவாகியிருக்கிறதா? மூன்றும் இருக்க வேண்டும்.

எக்ஸிக்யூட் என்றதும் எல்லோருக்கும் தூக்குமேடைதான் ஞாபகம் வரும். அதன் லத்தீன் மூலத்துக்குக் கடைசிவரை பின்தொடர்ந்து போவது என்று பொருள். தீர்ப்பை நிறைவேற்றுவதும் எக்ஸிக்யூட், பத்திரத்தில் கையெழுத்திட்டு எழுதிக் கொடுப்பதும் எக்ஸிக்யூட். இந்தத் தேதி முக்கியம். உயிலைத் தவிர மற்ற ஆவணங்களைப் பதிவுக்குக் கொண்டுபோகும் 4 மாதக் கெடு இந்த நாளிலிருந்துதான் ஓடும்.

பிரசன்ட்ஸ் என்பது இந்த ஆவணம், அவ்வளவுதான். தானப் பத்திரத்தில் வருவதால் பரிசு என்று தோன்றும். கிரயப் பத்திரத்திலும் இதே சொற்றொடர் வரும்.

31 வருடம் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பத்திரம் படித்திருக்கிறேன். தெரியாத சொல் வந்தால் உடனே கேட்பார்கள். தெரிந்த சொல் வந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குப் பயமெல்லாம் அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான்.

பதில் (மொழிபெயர்ப்பாளர்):
ஐயா சொன்னது எத்தனை உண்மை! நம் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்’ என்று இருக்கும். லெட் என்றால் விடு என்றுதானே படித்தோம்? இங்கே அதற்குப் பொருள் தடை. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். ஒலி தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசிப் போனால் சொல்கிறார்களே லெட், அதுவும் இந்தத் தடைதான்.

கேட்டவர்:
ஐயா, ரொம்ப நன்றி. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே, தானத்தை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரியும் அத்தையின் சின்ன வயசுக் கையெழுத்தும் இருக்கின்றன. பதிவு முத்திரை பின்பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறது. 122-வது பிரிவைத் தமிழில் எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "சரி, ஒரு வக்கீலையும் கேட்டுடலாம்" என்றார். கேட்கட்டும். அத்தை நேற்று ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார்.