பிளஸ் ஒன் கணக்கு ஒரு தாளில் அடங்குமா?

சாக்பீஸ்: நேற்று ஈரோட்டுத்தம்பி இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையில் அறிவித்தாலும் அறிவித்தார்கள், "நல்லதாப் போச்சு, பிளஸ் ஒன் கணக்குக்கு ஒரு தாள் போதும், சூத்திரங்களை எழுதிக் கொடுத்துவிட்டு நேராக பிளஸ் டூ நடத்தலாம்" என்கிறார். சார்பு, முக்கோணவியல், எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் ஒரு தாளிலா? அந்தத் தாளைக் காட்டுங்கள் தம்பி, ஜெராக்ஸ் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நானும் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஈரோட்டுத்தம்பி: சார், கோபப்படாதீங்க. நான் படித்த விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்ததுமே பிளஸ் டூ புத்தகம்தான். கணக்கில் 200க்கு 200. இப்போது பெங்களூரில் நல்ல வேலை. பிளஸ் ஒன் மார்க்கை உயர்கல்விக்கு எடுக்க மாட்டோம் என்று 2018-லேயே சொல்லியாச்சு. இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, அதுவும் பிளஸ் டூ கணக்கு. அப்புறம் எதற்கு ஒரு வருடம்?

சாக்பீஸ்: தாள் எங்கே என்று கேட்டேன், சம்பளம் கேட்கவில்லை. பிளஸ் டூ ஒன்பதாம் பாடம் தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். அந்தத் தொகை நுண்கணிதம் இருப்பது பிளஸ் ஒன் 11ஆம் பாடத்தில். சைன் வளைவரையை ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டால் பூஜ்யம் வரும். "அப்போ பரப்பே இல்லையா சார்?" என்று ஒரு பையன் கேட்டால் உங்கள் தாள் என்ன சொல்லும்? நீங்கள் படித்த காலத்தில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே இல்லை. உங்கள் பள்ளி மாதிரி ஆட்கள் செய்த வேலையால்தான் 2017-18-ல் கொண்டுவந்தார்கள்.

மயிலாப்பூர் மாமி: இதனால்தான் என் பையனை சிபிஎஸ்இ-யில் போட்டேன். அங்கே இந்தக் கூத்தே கிடையாது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ-யில் இரண்டு வருடப் பாடமும் வரும்.

வைகைக்கரை: கூத்து இல்லையா? காலையில் டம்மி ஸ்கூலில் பெயர் மட்டும், நாள் முழுக்க கோச்சிங் சென்டர். அதற்கு என்ன பெயர் மாமி?

மயிலாப்பூர் மாமி: எங்கள் பள்ளி அப்படி இல்லை. தெரியாமல் பேசாதீர்கள்.

சாக்பீஸ்: சிபிஎஸ்இ பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தம்பி, தாள்?

ஈரோட்டுத்தம்பி: தாள் தாள் என்று அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஒரு பேச்சுக்குச் சொன்னது. சரி, முன்னும் பின்னும் எழுதினால் அடங்கும். நான் படித்தேனே, எனக்கு அடங்கியதே!

சாக்பீஸ்: ஆகா, இப்போது இரண்டு பக்கம் ஆகிவிட்டது! நாளைக்குள் நாற்பது பக்க நோட்டாகிவிடும். அண்ணா பல்கலையில் முதல் செமஸ்டரிலேயே நுண்கணிதம் வந்துவிடும். அதில் அரியர் வைத்துவிட்டு டியூஷனுக்கு வரும், பிளஸ் டூ கணக்கில் முழு மார்க் வாங்கிய பழைய சென்டம்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லை என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

வைகைக்கரை: 200க்கு 200 என்று மார்தட்டும் தம்பிக்கு ஒன்று. அந்தக் காலத்தில் 40 ஒரு மார்க் கேள்வி. 30 பாடப்புத்தகத்தின் பின்பக்கம், 10 கம் புக் என்ற ஒரு மார்க் கேள்வித் தொகுப்பு. கேள்வியின் முதல் வார்த்தையைப் பார்த்தே விடையை எழுதிய கூட்டம் அது.

ஈரோட்டுத்தம்பி: அண்ணே, அதே கம் புக் உங்களிடமும் இருந்ததே, நீங்கள் ஏன் 200 எடுக்கவில்லை? மனப்பாடம் பண்ணவும் மூளை வேண்டும்.

வைகைக்கரை: எங்கள் அரசுப் பள்ளியில் இயற்பியலுக்கே வாத்தியார் இல்லை தம்பி. உங்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் வார்டன் பிரம்போடு நின்றார். இரண்டும் ஒன்றா?

சாக்பீஸ்: அரசுப் பள்ளியைக் குறை சொல்லாதீர்கள், அங்கேதான் நான் பிளஸ் ஒன் பாடத்தை ஒரு வரி விடாமல் நடத்துகிறேன்.

வைகைக்கரை: நான் எங்கே சார் குறை சொன்னேன்? வாத்தியார் போடாத அரசாங்கத்தைச் சொன்னேன். அதே அரசாங்கம் போட்ட கம் புக்கையும்தான்.

ஈரோட்டுத்தம்பி: கம் புக் போட்டது பெற்றோர் ஆசிரியர் கழகம். இதுகூடத் தெரியாமல் விவாதத்துக்கு வந்துவிட்டீர்கள்.