நேரோ ஃப்ரண்ட் டிராக்டரை டிரெய்லரில் ஏற்றுவது: நேராகவா, ரிவர்ஸிலா?

கலப்பை48
என் டிராக்டர் ஃபார்மால் எம், 1948 மாடல். நேரோ ஃப்ரண்ட், அதாவது முன்சக்கரம் ரெண்டும் நடுவுல ஒட்டி நிற்கிற வகை. டிரெய்லர் இரட்டை ஆக்சில், தளத்தோட உயரம் 60 செ.மீ., ஓரத்துக்கு ஒண்ணா ரெண்டு ராம்ப் (ஏத்துற சாய்வுப் பலகை), நீளம் 1.5 மீட்டர். பாரத்துக்காகப் பின்டயர்ல தண்ணி நிரப்பல, சக்கர எடையும் மாட்டல. நேரா ஓட்டி ஏத்துறதா, ரிவர்ஸ்லயா? நடுவுல இருக்கிற முன்சக்கரத்துக்கு என்ன வழி?

பின்னோக்கி
ரிவர்ஸ்தான், வேற பேச்சே இல்ல. நேரா ஓட்டும்போது எஞ்சின் பின் ஆக்சிலைச் சுத்தப் பார்க்கும். சக்கரம் ராம்ப் விளிம்புல முட்டி நின்னுடுச்சுன்னா, அந்த விசை சக்கரத்தை விட்டுட்டு டிராக்டர் உடம்பைத் தூக்கும். முகம் எகிறும். ஒரு அளவைத் தாண்டினா மல்லாக்க விழ வேண்டியதுதான். கிளட்ச்சை மிதிக்கணும்னு மூளைக்கு எட்டுறதுக்குள்ள முடிஞ்சிடும். கவிழ்ந்தா ஓட்டுறவரைக் காப்பாத்துற இரும்புச் சட்டமும் இந்த வண்டிகள்ல கிடையாது. ரிவர்ஸ்ல அதே விசை முகத்தைக் கீழ அமுக்கும். சிக்கினா டயர் வழுக்கும், இல்லன்னா எஞ்சின் அணையும். அவ்வளவுதான்.

அளவுநாடா
//நேரா ஓட்டும்போது... மல்லாக்க விழ வேண்டியதுதான்//

பாதி உண்மை. ராம்ப் 1.5 மீட்டர், இந்த டிராக்டரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 2.2 மீட்டர். பின்சக்கரம் ராம்பைத் தொடும்போது முன்சக்கரம் ஏற்கெனவே தளத்தில் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் உடம்பின் சாய்வு 16 டிகிரிதான். பின்சக்கரம் ஏற ஏற அதுவும் குறையும். ஆபத்து இருப்பது இரண்டு இடங்களில்: ராம்பின் அடிவிளிம்பு, ராம்ப் தளத்தோடு சேரும் மடிப்பு. அங்கே சக்கரம் திணறும்போது த்ராட்டிலைக் கூட்டுகிறவர்தான் விழுகிறார்.

ரிவர்ஸில் இருக்கிற சிக்கலை நீங்கள் சொல்லவே இல்லை. எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின் ஆக்சில் மேல் இருக்கிறது. ரிவர்ஸில் அந்தப் பாரம் முதலில் ஏறுவது டிரெய்லரின் வாலில். டிரெய்லரை இழுக்கிற வண்டியோடு மாட்டும் கொக்கிப் பக்கம் ஈடாக எதுவுமே இருக்காது. வால் அமுங்கும், கொக்கி மேலே தூக்கும், இழுக்கிற வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டு இலேசாகும். அந்த வண்டியின் கைப்பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தை மட்டும்தான்! மொத்தமாக முன்னால் உருள ஆரம்பிக்கும், ராம்ப் நழுவும்.

பின்னோக்கி
கைப்பிரேக்கை மட்டும் நம்பி யார் ஏத்தச் சொன்னா? வாலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் கனமான மரக்கட்டை அடுக்கணும், இழுக்கிற வண்டியோட நாலு சக்கரத்துக்கும் அடை கொடுக்கணும். இதெல்லாம் எந்தப் பக்கமா ஏத்தினாலும் செய்ய வேண்டியதுதானே.

அப்புறம் அந்த த்ராட்டில் கணக்கு தப்பு. ஃபார்மால் எம்-ல எஞ்சின் வேகத்தைச் சீரா வெச்சிருக்கிற கவர்னர் இருக்கு. பாரம் ஏறி எஞ்சின் சுத்து குறைஞ்சா அதுவே கார்புரேட்டரைத் திறந்துடும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாலும் விசை கூடும்.

அளவுநாடா
கவர்னர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் த்ராட்டிலை ஐட்லுக்குச் சற்று மேலே வைத்து ஏறச் சொல்வது; அந்த நிலையில் கவர்னர் கூட்டினாலும் சுற்று ஏறாது, விசை மெதுவாக வரும். உங்கள் ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிட வேகம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மரக்கட்டையில் ஒரு நுணுக்கம். வாலோடு இறுக்கி அடுக்கக் கூடாது. இரண்டு செ.மீ. இடைவெளி விட வேண்டும். இறுக்கி வைத்தால், ஏற்றி முடித்த பிறகு டிரெய்லரின் ஸ்பிரிங் முழுப் பாரத்தில் அமுங்கி, கட்டையை உருவவே முடியாது.

முன்சக்கரத்துக்கு நடு ராம்ப் ஒன்று கட்டாயம். பின்சக்கர ராம்ப் அளவுக்கே பலம், அகலம் 40 செ.மீ.க்குக் குறையாமல், இரண்டு ஓரத்திலும் ஐந்து செ.மீ. உயரத்துக்கு இரும்புப் பட்டி. மேல்முனையைத் தளத்தோடு ஆணி செருகியோ சங்கிலியாலோ பூட்ட வேண்டும். டயர் ஏறும்போது ராம்பை நகர்த்தப் பார்க்கும். நேராக ஏறினால் முன்சக்கரம் நடு ராம்பில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ரிவர்ஸில் தலை பின்னால் திரும்பியிருக்கும். பின்சக்கரம் மேலே போன பிறகுதான் முன்சக்கரம் நடு ராம்புக்கு வரும். கொஞ்சம் ஸ்டியரிங் பிசகினாலும் பட்டியில் ஏறி வெளியே விழும். அப்போது ஸ்டியரிங் வீல் உதைக்கிற உதையில் கட்டைவிரல் போய்விடும். விரலை வளையத்துக்கு வெளியேதான் வைக்க வேண்டும்.

பின்னோக்கி
இறக்குறதையும் சொல்லுங்க. ரிவர்ஸ்ல ஏத்தினது முதல் கியர்ல, முகம் பார்த்து, எஞ்சின் பிடியோட இறங்கும். நேரா ஏத்தினது பின்னாடி பார்த்துக்கிட்டே இறங்கணும். அங்க யாராவது கிளட்ச்சை மிதிச்சு உருளவிட்டு, பயந்துபோய் பிரேக்கை அடிச்சா, அதே மல்லாக்கதான்.

நியூட்ரல்
ரெண்டு பேரும் சீட்ல ஆள் உட்கார்ந்தே ஆகணும்னு வெச்சுக்கிட்டுப் பேசுறீங்க. டிரம்முல கயிறு சுத்தி இழுக்கிற வின்ச் போடுங்க. இழுவை முன்பக்கத்துல இருந்து வரும்போது ஆக்சில்ல திருகு விசையே இல்ல, முகம் எகிறாது. 24 டிகிரி ராம்ப்ல 2,300 கிலோவை இழுக்க, உருள் தடையும் சேர்த்து ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ராம்பை 2.4 மீட்டர் ஆக்கினா சாய்வு 14.5 டிகிரி, 700 கிலோ போதும். ஆனா வின்ச்ல எழுதியிருக்கிற திறன் டிரம்மோட முதல் கயிற்று அடுக்குக்குத்தான். கயிறு மேல மேல சுத்தச் சுத்தத் திறன் குறையும். அதனால 3,500 கிலோ வின்ச் வாங்குங்க. படகு இழுக்கிற கைவின்ச்செல்லாம் வேண்டாம்.

வின்ச் கொக்கியை, முன்சக்கரத்தைத் தாங்குற முன் பீடத்து வார்ப்புல சங்கிலி சுத்தி மாட்டணும். முன்சக்கரம் சுத்துற ஸ்பிண்டில்ல மாட்டினா சக்கரம் திரும்பிடும். ஸ்டியரிங்கை நேரா வெச்சுக் கட்டிடுங்க. கயிற்று வரிசையிலயும் வண்டிக்குப் பின்னாடியும் ஆள் நிக்கக் கூடாது.

பின்னோக்கி
நியூட்ரல்ல, பிரேக் இல்லாம, ஒரே ஒரு கொக்கியை நம்பி ரெண்டே கால் டன்னு. கொக்கி கழண்டா?

நியூட்ரல்
கழண்டா வண்டி பின்னாடி ஓடும், இரும்பு நசுங்கும். உங்க முறையில தப்பினா ஆள் நசுங்குறார். எது பரவாயில்லன்னு நீங்களே சொல்லுங்க. நீளக் கம்புல ஆப்புக்கட்டை அடிச்சு, பக்கவாட்டுல நின்னு பின்சக்கரத்துக்குப் பின்னாடியே நகர்த்திக்கிட்டு வரலாம்.

கைக்கிளட்ச்
குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். இந்த நேரோ ஃப்ரண்டே ஆபத்துதானே? அகல முன் ஆக்சில் மாட்டிட்டா பக்கவாட்டுல குடைசாயாதுன்னு சொல்றாங்க. அப்புறம், ஜான் டீர் பி டிராக்டருக்கும் இதே முறையா?

அளவுநாடா
அகல முன் ஆக்சிலும் நடுவில் ஒரே ஊசியில்தான் ஆடுகிறது. அது தடுப்பில் போய் முட்டும்வரை டிராக்டர் நிற்பது அதே முக்கோணத்தின் மேல்: பின்சக்கரம் இரண்டு, நடு ஊசி ஒன்று. ராம்ப் விஷயத்தில் அகல ஆக்சிலின் உண்மையான லாபம், நடு ராம்ப் தேவைப்படாது என்பதுதான்.

ஜான் டீர் பி-யில் கிளட்ச் கையால் இயக்குவது. முன்னால் தள்ளினால் பிடிக்கும், பின்னால் இழுத்தால் விடும், விட்ட இடத்திலேயே நிற்கும். பதற்றத்தில் கால் தானாகக் கிளட்ச்சைத் தேடும், ஆனால் அங்கே இருப்பது பிரேக். பழகாதவர் ராம்பில் அதை ஓட்டவே கூடாது. எம்-இல் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு பின்சக்கரம் மட்டும் நின்று, வண்டி ராம்பை விட்டுத் திரும்பும்.

சங்கிலி70
ஏத்தினதுக்கு அப்புறம் உள்ள வேலையை யாரும் பேசல. டிரெய்லர் கொக்கி மேல நிற்கிற பாரம், டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். வால் கனத்தா வேகத்துல டிரெய்லர் ஆடும். டிராக்டரோட எடை மையம் பின் ஆக்சிலுக்கு முன்னால முக்கால் மீட்டருக்குள்ளதான் இருக்கு. ரிவர்ஸ்ல ஏத்தினவங்க பின்சக்கரத்தைத் தளத்தோட முன்முனைவரை கொண்டுபோயிட்டா கொக்கி நசுங்கும்.

முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு சங்கிலி. பின் சங்கிலி ஆக்சில் ஹவுசிங்ல, முன் சங்கிலி பீடத்துல இருந்து ரெண்டு ஓரத்துக்கும் விரியணும். சங்கிலிகளோட வேலைச்சுமை வரம்பு, அதாவது பாதுகாப்பா தாங்குற எடை, எல்லாம் சேர்ந்து சரக்கு எடையில பாதிக்குக் குறையக் கூடாதுங்கிறது அமெரிக்கக் கூட்டரசு விதி. 5/16 அங்குல கிரேடு 70 சங்கிலிக்கு வரம்பு 4,700 பவுண்டு, அதாவது 2,130 கிலோ. நாலு போட்டா தாராளம். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, சங்கிலியை இறுக்குற பைண்டரை மறுபடி இறுக்குங்க. முன்டயர் அமுங்கினதுல சங்கிலி தளர்ந்திருக்கும்.

கலப்பை48
நாடா வெச்சு அளந்தேன். பின்டயர் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 221 செ.மீ. டிரெய்லர் மட்கார்டுக்கு நடுவுல 208.

பின்னோக்கி
அப்போ நேராவும் ஏறாது, ரிவர்ஸ்லயும் ஏறாது, வின்ச்சும் மட்கார்டைத்தான் பிய்க்கும். பின்பக்கத்தை ஜாக்கி வெச்சுத் தூக்கி, ஸ்டாண்டுல நிறுத்தி, ஆக்சில் ஹப் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பக்கத்துக்குப் பத்து செ.மீ. உள்ள தள்ளுங்க. ஆக்சில் ஸ்பிளைன்ல, அதாவது சக்கரம் நகர்ற பள்ள வரிகள்ல, துரு இருக்கும். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைங்க.

அளவுநாடா
இதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. தள்ளிய பிறகு ஓர ராம்ப்களின் இடைவெளியையும் மறுபடி அளந்து வையுங்கள்.